முடி வளரக் கொடுத்த மாத்திரை

“வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?” என்று நர்ஸ் கேட்டபோது தங்கைக்காரி பட்டென்று, “ஒண்ணும் இல்லைங்க” என்றாள். அவள் நடத்தும் அழகு நிலையத்தில் வைட்டமின் என்பது ஷாம்பூவுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கும் சரக்கு. அது மருந்தா என்ன!

காலையிலிருந்து அக்காவுக்கு நெஞ்சை அடைக்கிறது. ஈசிஜியில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. மாரடைப்பா என்று ரத்தத்தைச் சோதித்தார்கள்; அதுவும் நார்மல். “வாயுத் தொல்லையா இருக்கும். வீட்டுக்குப் போகலாம்” என்றார் டாக்டர். அக்கா புருஷனுக்கு அப்போதுதான் உயிரே வந்தது. காரை எடுத்துவர ஓடினார்.

ஆனால் அக்காவின் நெற்றியில் வியர்வை நிற்கவேயில்லை. தங்கை அவளுக்கு மதிய மாத்திரை கொடுக்கும் நேரம். பழக்க தோஷத்தில் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். முதன்முறையாக அதன் பின்பக்கத்தைப் படித்தாள். நாளைக்கு ஒன்று என்று போட்டிருந்தது. அக்காவின் முடி சீக்கிரம் வளரட்டும் என்று இந்தப் புத்திசாலி மூன்று கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் இன்னொரு வரி: ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லவும்.

அடிப்பாவி!

சாவியோடு மாமா திரும்பிவிட்டார். ‘உன் கடைச் சரக்கை இவ வாயில போடாதே’ என்று ஏற்கெனவே கத்தியிருந்தவர். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? அக்கா செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள்.

“டாக்டர்! மூணு மாசமா இதைத் தினம் மூணு குடுக்கறேன்.”

டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?”

“வைட்டமின்தானேன்னு...”

“உடம்புல இது குறைஞ்சவங்களுக்கு நல்லதுதான். இவ்வளவு போட்டா ரத்தத்தைச் சோதிக்கற எங்க மெஷினே ஏமாந்துடும். மாரடைப்பு வந்திருந்தாலும் இல்லைன்னு காட்டலாம். இவங்களைப் படுக்க வைங்க, திரும்ப ஈசிஜி எடுங்க!”

இந்தத் தடவை கோடு மாறியிருந்தது. நர்ஸ் ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தாள்.

“சொன்னேனா இல்லையா?” மாமாவின் குரல் உடைந்தது. தங்கை தலைகுனிந்து அழுதாள்.

“அவளைத் திட்டாதீங்க” என்றாள் அக்கா, மூச்சு வாங்க. உள்ளே தள்ளிக்கொண்டு போகையில் தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“ஏண்டி, கடைக்கு வர்ற வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கே?”

கதவு சாத்திக்கொண்டது. தங்கை சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். செல்போனை எடுத்து, முதல் வாடிக்கையாளரை அழைத்தாள்.