மஹ்ஜபீன் கைவைத்த பக்கம்

1.

இந்தக் கதை ஒரு பென்சில் படத்தில் பிறந்தது. சத்தியமாக! மலேசியாவில், கிள்ளானில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு ஒரு விக்கி உண்டு, கடைக்காரர்கள் எல்லாரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்கள். எந்தச் சேலை எந்த அலமாரியில் என்பதெல்லாம் அதில்தான். நேற்றுவரை திருத்தப் போனால் சதுர அடைப்பும் மேற்கோள் குறியுமாகக் கண்ணைக் கட்டும். இன்று காட்சித் தொகுப்பி வந்துவிட்டது. பென்சிலைத் தட்டினால் பக்கம் படிக்கிற மாதிரியே இருக்கிறது, அதன் மேலேயே எழுதலாம்! குஷி தாங்கவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து கதை ஆரம்பித்தேன்.

2.

செலாயாங்கில் அன்று மழை பெய்— வேண்டாம்.

மஹ்ஜபீன் தனிக்கடை போட ஆசைப்பட்டாள். அண்ணன் சலாவுதீனிடம் அழுதபடி அனுமதி கேட்க—

[மஹ்ஜபீன் நிஜம். முதலாளியின் தங்கை, என் தோழி. செலாயாங்கில் கடை பார்த்துவிட்டாள். இன்று மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.]

"ஏய் மாதவி, நான் எப்போ அழுதேன்? தள்ளு லா!"

பின்னறைக்குள் வந்தவள் என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள்.

3.

'அழுதபடி அனுமதி கேட்க' போயிற்று. அவளே தட்டினாள், அண்ணனை அவள் கூப்பிடுவது 'நானா' என்றுதான்.

நானா, நான் செலாயாங்ல கடை எடுக்கப் போறேன். பப்ளிஷ்.

உங்க மேல கோவம் இல்ல. பப்ளிஷ்.

பயமா இருக்கு. ஆனா போறேன். பப்ளிஷ்.

"அடியே, ஒவ்வொரு வரிக்கும் ஏன் பப்ளிஷ் பண்றே?"

"வாட்ஸ்அப்ல அப்படித்தானே அனுப்புவோம்?"

(அடிக்குறிப்பு: விக்கியில் எது மாறினாலும் முதலாளி போனுக்குச் செய்தி போகும். என் கதைகளை அவர் திறந்ததே இல்லை. 'நானா' என்று தங்கை பேச்சாகவே வரிசையாக வந்தால்?)

கல்லாப் பக்கம் டிங், டிங், டிங்.

"அல்லா! நானாக்குப் போயிருச்சா? அழி, அழி!"

4.

முடிவு அ: சலாவுதீன் கத்துகிறார்.

முடிவு ஆ: தங்கையைக் கட்டிப்பிடித்து— சே, அவர் அந்த ரகமே இல்லை.

அவள் வரிகளை அழிக்காமல் இந்த இரண்டு முடிவையும் பதிப்பிக்கப் போனால் விக்கி மறிக்கிறது: இதே பக்கத்தை இன்னொருவர் மாற்றிவிட்டாராம். யாரப்பா அது? பக்கத்தை மறுபடி திறந்தோம். அவள் வரிகளுக்குக் கீழே:

போர்டு நான் போட்டுத் தரேன். கடைப் பேரு: [          ]

எட்டிப் பார்த்தேன். கல்லாவில் சலாவுதீன் தலை நிமிரவில்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி அளப்பதுபோல் பாவனை. மஹ்ஜபீன் அழுதாள். (இந்த வரியை அவள் அழிப்பாள். நான் திரும்பப் போடுவேன்.)

5.

வாசகரே, முடிவை உங்களிடம் தரத்தான் ஆசை. பென்சில் உங்களுக்கும் தெரிகிறதல்லவா? அ, ஆ, எதை வேண்டுமானாலும் திருத்துங்கள். அந்த அடைப்புக்குள் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். அவள் இப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் எழுத்தைத் தட்டுகிறாள்.