ஏழாம் நம்பர் வண்டி

மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு லெஃப்ட்டு தன் ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டி, தனக்கு ஒதுக்கிய ஏழாம் நம்பர் தள்ளுவண்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தாள். ஐந்து மணிக்கு சைரன் ரவுண்ட்ஸ் வருவார். அதற்குள் திரும்பி வந்து ஏப்ரனை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் சீட்டு கிழிந்துவிடும்.

சைரன் என்பது மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர். சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போன இரண்டு பேரை அதே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

லெஃப்ட்டு அங்கே பகல் ஒரு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை படுக்கை விரிப்புகள் மடிப்பவள். இடதுகைக்காரி. மற்றவர்கள் மடித்து அடுக்கினால் விரிப்பின் மடிந்த விளிம்பு வலது பக்கம் நிற்கும். இவள் அடுக்கில் மட்டும் இடது பக்கம். அதனால் யார் எதை மடித்தார்கள் என்று சைரன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்தே தெரியும்.

அவள் போய்க்கொண்டிருந்தது இரண்டு தெரு தள்ளி இருந்த முதியோர் இல்லத்துக்கு. மூன்றரைக்கு நேர்முகத் தேர்வு. வேலை காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை. பல மொழிக்காரர்கள் தங்கியிருக்கும் இடம் என்பதால் ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும்.

சம்பளம் ஒன்றும் பெரிதாக ஏறாது. மூன்று மணிக்கு வேலை முடிவதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் ஆறு வயதுப் பெண். காலையில் அவளைப் பள்ளிக்குக் கிளப்பும் அந்தப் பரபரப்பு ஒரு மணி நேரத்தை விட்டால், லெஃப்ட்டு தன் பெண்ணைப் பார்ப்பதெல்லாம் தூக்கத்தில்தான். கணவன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியே. நாத்தனார்தான் சோறூட்டித் தூங்க வைப்பாள். போன மாதம் ஒருநாள் வீடு திரும்பியபோது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி இருந்தது. மேலே பென்சிலில் "அம்மாவுக்கு" என்று எழுதியிருந்தது. திறந்தாள். உள்ளே ஒரு பால்பல்.

மறுநாளே கைப்பேசியில் ஆங்கிலப் பாடம் கேட்க ஆரம்பித்தாள்.

தேர்வுக்காக சைரனிடம் லீவு கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "சொந்த வேலை மேடம்" என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே வராத வாரம் அது. முடியாது என்று சொல்லிவிட்டார். லெஃப்ட்டு மற்றவர்களுக்கு ஓடி ஓடிச் செய்வாள். தனக்கென்று யாரிடமாவது கேட்பது என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் ஒரே ஒரு ஆளிடம் சொன்னாள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுக் காய வைக்கும் ஸ்டீம் அண்ணனிடம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அவள் பங்கு தொண்ணூறு விரிப்பு. அது ஏழாம் நம்பர் வண்டியில் ஏற வேண்டும். விளிம்பு இடது பக்கம் நிற்க வேண்டும்.

"நீ போம்மா. நான் பாத்துக்கறேன். வேற யாருக்கும் தெரிய வேணாம்," என்றார் ஸ்டீம்.

* * *

முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் அம்மாள் கேள்வி கேட்க, பக்கத்தில் ஒரு நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். முதல் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி ஓடியது. கட்டிலிலிருந்து ஒருவரை எப்படி எழுப்பி உட்கார வைப்பாய், மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வாய். சொன்னாள்.

அப்புறம் மேலாளர், இங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் 'ஹெல்ப் அவுட்' செய்ய வேண்டியிருக்கும், அப்படியென்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும். பன்னிரண்டாம் பாடம். மகளின் பழைய நோட்டில் அதன் அர்த்தத்தைத் தன் பாஷையில் எழுதி வைத்திருந்தாள்: ஒருத்தருக்கு வேலை மலையா குமியும்போது, கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு ஒரு பங்கைத் தூக்கறது. அதையே தனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னாள். சமையலறையில் ஆள் குறைந்தால் காய் நறுக்கிக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜுரம் என்றால் அவள் குழந்தையையும் சேர்த்துப் பள்ளியில் விடுவது. அவள் வேலையை முழுசாகப் பிடுங்கிக்கொள்வது அல்ல. எழுந்து நிற்கும்வரை தாங்கிப் பிடிப்பது.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

மேலாளர் விடவில்லை. நீ செய்வதையெல்லாம் சொல்லிவிட்டாய், உனக்கு யாராவது கடைசியாக அப்படிச் செய்தது எப்போது என்றார்.

பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. லெஃப்ட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

"நௌ," என்றாள்.

என்ன என்றார் மேலாளர். இந்த நிமிடம் இரண்டு தெரு தள்ளி ஒருவர் தனக்காக இடது கையால் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறார் என்றும், அவர் வலதுகைக்காரர் என்றும் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாததால், சூப்பர்வைசருக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

நர்ஸ் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் இருந்த சலவைக்கூடத்தின் தொலைபேசி எண்ணில் விரலை வைத்தார். வழக்கப்படி ஐந்து மணிக்கு மேல் உன் சூப்பர்வைசரிடம் பேசுவோம், அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் முடிவு என்றார்.

மீதிக் கேள்விகளும் படிவங்களும் முடிந்து லெஃப்ட்டு தெருவில் இறங்கியபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

* * *

சலவைக்கூடத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது.

அவள் போன ஐந்தாவது நிமிடமே ஸ்டீமுக்கு உருளையை விட்டு நகர முடியுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. மடிப்பு மேஜையில் நின்ற நெட்டையிடம் போய், உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார். நெட்டை சரி என்றாள். ஆனால் அவள் கை மெதுவான கை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த மேஜையில் மடிக்கும் மாப்பிள்ளையிடம் போனார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகாதவன் அவன். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் என்று அவனிடமும் சொன்னார். அப்புறமும் மனசு கேட்காமல், உருளை சூடாகும் இடைவெளிகளில் தானே மடிக்கத் தொடங்கினார்.

மேஜைகளுக்கு நடுவே டாக்டர் கோட்டுகள் வரிசை வரிசையாகத் தொங்கியதால் ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்த ஏழாம் நம்பர் வண்டியில் ஆளுக்கு ஒரு தடவை கட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஏற்கெனவே இருந்த கட்டுகளைப் பார்த்து, போகும் முன்பே இவ்வளவு செய்துவிட்டுப் போயிருக்கிறாளே பாவம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மற்ற வண்டிகளை மூவருமே மறந்தார்கள்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது லெஃப்ட்டு பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். ஏப்ரனை எடுக்கத் தூணைச் சுற்றினாள்.

சைரன் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் அவளுடைய ஏப்ரன்.

ஏழாம் நம்பர் வண்டி கழுத்து வரை நிரம்பியிருந்தது. அத்தனை விளிம்பும் இடது பக்கம். இரண்டு, மூன்று, நாலு என்று மற்ற வண்டிகள் பாதி காலி. ஐந்தரைக்கு வார்டுகளுக்கு விரிப்பு போக வேண்டும்.

"எண்ணிட்டேன். இருநூத்தி எழுவத்தி ரெண்டு," என்றார் சைரன். "உனக்கு எத்தனை கைம்மா?"

கோட்டுகளுக்கு இடையிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றும் ஒன்றை ஒன்று முறைத்தன.

"உங்கிட்டயும் சொன்னாரா?" என்றான் மாப்பிள்ளை.

"என்கிட்ட மட்டும்னுதானே சொன்னாரு," என்றாள் நெட்டை. ஸ்டீம் தலையைச் சொறிந்தார்.

"இதுல என் கை இல்ல மேடம்," என்றாள் லெஃப்ட்டு. "நான் வெளிய போயிருந்தேன். இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

எங்கே என்று கேட்டார். சொன்னாள். தேர்வு, காலை வேலை, தூங்கும் பெண், தீப்பெட்டிக்குள் இருந்த பல். ஒரு மாதமாக நாக்கில் ஒட்டியிருந்தது எல்லாம் மூச்சு வாங்க வாங்க வந்தது.

சைரன் ஏப்ரனை நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"சொந்த வேலைன்னுதானே சொன்ன. பல்லு கதையைச் சொன்னியா? நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?"

அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் சைரன் எடுத்தார். கதவைச் சாத்தவில்லை. ஸ்டீம் உருளையை நிறுத்தினார். முதல்முறையாக அந்தக் கூடத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆமா, இங்கதான் வேலை செய்யறா. அஞ்சு வருஷம்." இடைவெளி. "தெரியும். சொல்லிட்டா." மறுபடி இடைவெளி, இந்தத் தடவை நீளமாக. "நம்பலாமான்னா கேக்கறீங்க? இவளுக்காக இங்க மூணு பேரு வராத கையால மடிச்சு என் கணக்கையே கவுத்துட்டாங்க. இதுக்கு மேல நான் என்னங்க சொல்லணும்?"

வெளியே வந்தார். லெஃப்ட்டிடம் ஏப்ரனை நீட்டினார்.

"ஒண்ணாந்தேதி வரச் சொல்றாங்க. அதுவரைக்கும் இங்கதான். போ, மூணு வண்டி காலியா கிடக்கு. அடுத்த தடவை யாருக்கு எங்க போகணும்னாலும் என்கிட்ட வந்து சொல்லுங்க. எனக்கும் மடிக்கத் தெரியும்."

சொல்லிக்கொண்டே முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, இரண்டாம் நம்பர் மேஜையில் ஒரு விரிப்பை உதறினார். வேகமான கை. வார்டு வண்டி ஐந்தரைக்குக் கிளம்பியது.

* * *

ஒன்றாம் தேதி மூன்றே முக்காலுக்கு லெஃப்ட்டு பள்ளி வாசலில் நின்றாள். மகள் நாத்தனாரைத் தேடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு, கையில் ஏதோ ஏந்திப் போவதுபோல மெதுவாக நடந்து வந்தாள்.

"என்னடா, ஏன் இப்படி வர்ற?"

குழந்தை ஜாக்கிரதையாக வாயைத் திறந்து, கீழ்வரிசைப் பல் ஒன்றை விரலால் தொடாமல் காட்டினாள்.

"ஆடுது. அத்தை பிடுங்கறேன்னாங்க. நீ வர்ற வரைக்கும் அப்படியே பிடிச்சு வெச்சிருக்கேன்."