சத்தம் எட்டாத இருநூறு மீட்டர்

காலை ஐந்தே கால். கணவன் பேருந்து ஓட்டுநர்; முதல் வண்டி அவனுடையது என்பதால் நான்கு மணிக்கே பணிமனைக்குப் போய்விட்டான். இரண்டாவது மாடி வீட்டில் பிள்ளைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, வெளியே பூட்டினாள்.

செய்வது தப்பு. அது அவளுக்கே தெரியும், யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அரை மராத்தானுக்கு இன்னும் மூன்றே வாரம். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்று, வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, சின்னவனுக்குப் பால், பெரியவளுக்கு வீட்டுப்பாடம். அவளுக்கென்று மிஞ்சியது இந்த அரை மணி நேரம்தான். கணவனிடம் ஒப்புக்கொண்டது என்னவோ சனி, ஞாயிறு மட்டும், அதுவும் அவன் வீட்டில் இருக்கும்போது. புதனும் வெள்ளியும் ஓடுவது அவனுக்குத் தெரியாது.

"என் பொண்டாட்டி வாரத்துக்கு ரெண்டே நாள்தான் ஓடுறா, வேகத்தப் பாருங்க!" என்று அவன் பணிமனையில் பீற்றிக்கொள்வான். அதை வீட்டில் வந்து சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். தைத்தாலும் ஓட்டம் நிற்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே துணை ஒரு பேபி மானிட்டர். கூட வேலை பார்ப்பவள் தன் பிள்ளை வளர்ந்ததும் கொடுத்தது. ஒரு பாதி தொட்டில் பக்கத்தில், மறு பாதி இவள் கையில். சின்னவன் முனகினாலும் கேட்கும். குடியிருப்பைச் சுற்றி வந்தால் அறுநூறு மீட்டர். அதில் சலவைக் கடைத் திருப்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இருநூறு மீட்டருக்கு மட்டும் சத்தம் எட்டாது. கையிலுள்ள கருவியில் எரியும் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். அந்த இருநூறு மீட்டரை அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாள். முதலில் எழுபது விநாடி ஆனது. இப்போது நாற்பத்தெட்டு. எந்தப் பயிற்சியாளரும் அவளை அப்படி விரட்டியிருக்க முடியாது.

போன வாரம் மூன்றாவது சுற்றிலேயே சின்னவன் அழுதுவிட்டான். மேலே ஓடிவந்து, அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "போச்சு, இன்னிக்கும் போச்சு" என்று அலுத்துக்கொண்டாள். அழுகைகூட வந்தது. பக்கத்துக் கட்டிலில் பெரியவள் போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். ஐந்து வயது. இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாள் என்று பெயரெடுத்தவள். பள்ளியிலிருந்து புகார்கூட வந்திருந்தது: புதன், வெள்ளிகளில் வகுப்பில் தூங்கி வழிகிறாளாம். ராத்திரி டிவியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

இன்று ஐந்து சுற்று நன்றாகப் போனது. ஆறாவதில், சலவைக் கடைத் திருப்பத்தில், வழக்கம்போல விளக்கு சிவப்பானது. தலையைத் தாழ்த்திக்கொண்டு பறந்தாள். தண்ணீர்த் தொட்டி வந்தது. தாண்டினாள். விளக்கு சிவப்பாகவே இருந்தது.

கருவியைத் தட்டினாள், உலுக்கினாள், காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஓடிய ஓட்டத்துக்கு எந்தக் கடிகாரத்திலும் கணக்கில்லை. படிகளை மூன்று மூன்றாகத் தாவினாள். கதவுக்கு முன்னால் சாவி கைநழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது.

உள்ளே தொட்டில் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

தரையில், தலையணைமேல், பெரியவள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவன் அவள் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். பெரியவளின் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

"தம்பி அழ ஆரம்பிச்சான்மா. அதான் அந்த மெஷினை ஆஃப் பண்ணிட்டேன். இல்லன்னா உனக்கு இன்னிக்கும் போச்சுல்ல?"

அவள் சின்னவனின் கைகால்களைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகலம்மா. நாற்காலி கவுந்தப்போ நான்தான் கீழ இருந்தேன். அழவே இல்ல. அழுதா உனக்கு ஜன்னல் வழியா கேட்டுடும்ல?" பெரியவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எத்தனை ரவுண்டு ஆச்சு?"

"நீ... தினமும் முழிச்சிக்கிட்டா இருப்ப?"

"நீ ஓடுற அன்னிக்கு மட்டும்தான். ஜன்னல்ல நிப்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பினதும் மூச்சப் பிடிச்சுக்குவேன். தொட்டிக்கிட்ட வந்ததும் விட்டுடுவேன். இன்னும் ரெண்டு பாக்கி இருக்குல்ல? போம்மா, நான் பாத்துக்கறேன்."

அவள் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு அவள் வேலை முடிந்து திரும்பியபோது கணவன் பெரியவளின் நெற்றிக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தான். "கட்டில்லேருந்து விழுந்துட்டாளாமே? ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லக்கூடாதா?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் பார் என்று அந்தக் கண் சொன்னது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பெருமையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கட்டில்லேருந்து இல்லைங்க," என்றாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மானிட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நடந்துதான் போனேன். சிவப்பாவே ரெண்டரை நிமிஷம். பிள்ளைங்க உன்கூட இருக்குன்னு தெரிஞ்சும் என்னால பொறுக்க முடியல. நீ எப்படித் தாங்கின?"

"அதனாலதான் வேகமா ஓடினேன்," என்றாள். அது உண்மைதான். ஆனாலும் சொன்னபோது அவளுக்கே கேவலமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவனே எழுப்பினான். "நான் இருக்கேன். போய்ட்டு வா."

கையில் மானிட்டர் இல்லாமல் ஓடுவது என்னவோபோல் இருந்தது. சலவைக் கடைத் திருப்பம் வந்ததும் கால்கள் தாமாகவே விரைந்தன. தண்ணீர்த் தொட்டியை எட்டுமுன்பே நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது மாடி ஜன்னலில் பெரியவள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பின்னால் அப்பா நின்றும் அவள் காவலை விடவில்லை.

அவள் நடுத்தெருவில் நின்றாள்.

"மூச்ச விடுடி கண்ணு!"

அண்டை வீடுகளில் யார் எழுந்தாலும் எழட்டும் என்று கத்தினாள். கன்னங்கள் வற்றின. அதன்பின் அவள் அந்தத் திருப்பத்தின் பக்கமே போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற அந்த ஒரு தெருவிலேயே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடினாள். பார்ப்பவர்களுக்குக் கிறுக்கு பிடித்தவள் மாதிரிதான் இருந்திருக்கும்.

ஏழாவது தடவை திரும்பியபோது ஜன்னலில் கணவன் மட்டும் நின்றிருந்தான். கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். பெரியவள் தூங்கிவிட்டாளாம்.