இறுக்குச் சட்டை

கொக்கி கழலவில்லை. அக்காவின் நெஞ்சில் தொடங்கி இடுப்பைத் தாண்டி இறங்கிய வரிசையில், மேலே இருந்தவற்றைத் தங்கை எப்படியோ விடுவித்துவிட்டாள். விலாவுக்குக் கீழே வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. துணி அவ்வளவு இறுக்கம். இரண்டு விளிம்புகளையும் பிடித்து நெருக்கினால்தான் கொக்கி வளையத்தை விட்டு வரும். நெருக்கும்போதெல்லாம் உள்ளே இருந்த சதை குளிர்ச்சியாக எதிர்த்துத் தள்ளியது.

இறந்தவர்களைத் துடைத்து, உடுத்தி, வீட்டாரிடம் ஒப்படைப்பதற்காக மருத்துவமனையின் பின்பக்கம் ஒதுக்கியிருந்த சிறிய அறை அது. ஒரு குழாய், ஒரு வாளி, சக்கரம் வைத்த கட்டில். உதவிக்கு நின்ற பெண் கத்திரிக்கோலை நீட்டினாள். இனிமேல் இது எதற்கு, வெட்டிவிடுங்கள் என்றாள்.

தங்கை வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா இந்தச் சட்டையைத் தினமும் தனியாகவே போட்டாள், தனியாகவே கழற்றினாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் ஒவ்வொரு கொக்கியும் அவிழும். அதை வெட்டி எறிய, அவள் இல்லாத நேரத்தில் அவள் அலமாரியைக் குடைவதுபோல் கூச்சமாக இருந்தது. தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி குனிந்தாள்.

கடைசிக் கொக்கியும் வந்ததும் அக்காவின் வயிறு மெல்லப் பக்கவாட்டில் சரிந்து கட்டிலில் படிந்தது. மடிப்பு மடிப்பாகத் தோல். விலாவிலிருந்து இடுப்புவரை சட்டைத் தையலின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. தங்கை அதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். சிறு வயதில் பாவாடை நாடாவின் தடத்தை இப்படித்தான் ஒருத்திக்கொருத்தி தேய்த்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இது மறையவில்லை. மறையாது என்பது பிறகுதான் உறைத்தது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்து நடுங்கும் பெண்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வாள். அவர்களுக்கு அவள் மாஸ்டர். சொந்தக்காரர்களுக்கு மட்டும், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே, குண்டக்கா. கூப்பிட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அவளும் முகம் சுளித்ததில்லை. அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே ஒரு நகைச்சுவையைச் சொல்லி, வாசலிலேயே அவர்களை நிறுத்திவிடுவாள்.

அத்தானை அவள் சந்தித்ததும் உடம்பால்தான். ஒரு கட்டடத்தின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்திருக்கிறார்கள். பழுது பார்க்க வந்தவர் அத்தான். கதவை நெம்பித் திறந்து, முதலில் அவளுக்குக் கை கொடுத்து வெளியே இறக்கி, மற்றவர்கள் காதில் விழும்படி, கோளாறு மோட்டாரில், ஆளில் இல்லை என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "அந்த ஒரு பொய்க்காகத்தான் கட்டிக்கிட்டேன்" என்பாள். அத்தான், அது பொய்யே இல்லை, பெல்ட் தேய்ந்திருந்தது என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வருவார்.

முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி, படுத்தால் மூச்சடைத்த பிறகு இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்கு அக்கா ஒத்துக்கொண்டாள். தேறி எழுவது லேசாக இருக்கவில்லை. கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர். ஒரு வாய் கூடினால் வாந்தி. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. அத்தனையையும் தாங்கினாள். எடை இறங்கியது. மாடிப்படியில் மகளுக்கு முன்னால் ஏறி நின்று, மேலிருந்து கையாட்டினாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஆளே மாறிவிட்டீர்கள் என்றார்கள். சிலர் மட்டும் தங்கையைத் தனியாக அழைத்து, அக்காவுக்கு ஏதும் பெரிய வியாதியா என்று கேட்டார்கள்.

ஒருநாள் தங்கையின் வீட்டுக்கு வந்து, அவள் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். பொத்தான்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. பிறந்ததிலிருந்து அக்காவின் உடுப்பு தங்கைக்கு வந்ததுண்டு, அளவு குறைத்துத் தைத்து. தங்கையுடையது அக்காவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள். பிறகு அக்கா கண்ணாடி முன்னால் நின்றாள். கையைத் தூக்கினாள். கைக்குக் கீழே தொங்கிய தோல் சட்டைக்குள் ஆடியது. சிரிப்பு அப்படியே நின்றது.

"குடியிருந்தவ காலி பண்ணிட்டுப் போயிட்டாடீ. வீட்டை மட்டும் என் தலையில கட்டிட்டா."

அதற்குப் பிறகுதான், தொங்கும் தோலை அழுத்திப் பிடிக்கும் இந்த இறுக்குச் சட்டை வந்தது. அதன் மேல் முழுக்கைச் சட்டை. வெயில் கொளுத்தினாலும் மணிக்கட்டு வரை பொத்தான். மூடியிருக்கும்போது அவளைவிட அழகாக யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது. தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பயிற்சி முடிந்து போகிற வழியில் அக்கா அங்கே வந்து, மேசையில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் முகம் பார்ப்பாள். உன் கடைக் கண்ணாடிதான் மரியாதை தெரிந்தது, முகத்தோடு நிறுத்திக்கொள்கிறது என்பாள். தங்கை சிரிப்பாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது.

இன்று காலை ஒரு மாணவிக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது காரிலேயே உயிர் போய்விட்டது. இதயம் என்றார் மருத்துவர். இளைத்தால் இதயம் நன்றாகிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். பாரம் இறங்கினாலும் அத்தனை வருஷம் சுமந்த களைப்பு சிலருக்குத் தங்கிவிடும் என்றார் மருத்துவர். தேய்மானத்தைப் பற்றித் தெரிந்தவர் அத்தான். தலையை மட்டும் ஆட்டினார்.

கதவு தட்டப்பட்டது. தங்கை போர்வையை அக்காவின் கழுத்துவரை இழுத்துவிட்டுத் திறந்தாள். அத்தான் ஒரு பையை நீட்டினார். வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார். பையில் சாம்பல் நிற முழுக்கைச் சட்டையும், அதற்குப் பொருத்தமான கால்சட்டையும், அடியில் சலவை செய்து மடித்த இன்னொரு இறுக்குச் சட்டையும் இருந்தன.

அதை அவள் எடுத்துப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அது இல்லாம அவ வாசப்படி தாண்ட மாட்டா."

"வேண்டாமே அத்தான். இப்பதான் கழட்டினேன். உடம்பெல்லாம் கன்னிப்போயிருக்கு."

"நாலு பேர் வருவாங்க. பாப்பாங்க. எங்கிட்டயே காட்டாதவ அவ." அவர் குரல் அந்த இடத்தில் இற்றுப்போயிற்று. "இவ்வளவு நாளா பக்கத்துல படுத்தவன். விளக்கை அணைச்சாதான் சட்டையை மாத்துவா. நானும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பேன். அவளுக்கு அதுதான் நிம்மதின்னு நெனச்சேன். இப்ப கடைசியா அவ விரும்பினதையாவது செஞ்சுடு."

அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது. தங்கை இறுக்குச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆள் இல்லாமலே அது ஒரு உடம்பின் வளைவோடு விறைத்திருந்தது.

அத்தானுக்குப் பின்னால் அக்காவின் மகள் வந்து நின்றாள். கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை அப்படியே இருந்தது. உள்ளே வருகிறேன் என்றாள். அத்தான் வேண்டாம்மா என்று கையைக் குறுக்கே வைத்தார். அம்மாவுக்குப் பிடிக்காது என்றார். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

கட்டில் அருகே போய்ப் போர்வையைத் தானே இறக்கினாள். தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை. அம்மாவின் கையை எடுத்து, முழங்கைக்கு மேல் தளர்ந்திருந்த தோலைத் தன் விரல்களுக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் தங்கை.

"மத்தியானம் அசந்து தூங்குவாங்க சித்தி. அப்ப சட்டைக் கைக்குள்ள விரலை விட்டு இதைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல படுத்துப்பேன். மெத்துனு இருக்கும். முழிச்சா வெடுக்குனு இழுத்துப்பாங்க. அதனால முழிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து போயிடுவேன்."

குழாய் சொட்டியது.

"சொல்லியிருக்கலாமேடா."

"ஒரு தடவை சொன்னேன். அம்மா, இது எனக்குப் பிடிச்சிருக்குன்னேன். நான் பாவப்பட்டுச் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க. ஒரு நாள் முழுக்கப் பேசல."

தங்கையின் கையில் இருந்த இறுக்குச் சட்டையை, சொல்லாமலேயே அவள் பார்த்துவிட்டாள். அதை வாங்கினாள். இரண்டு கையாலும் விரித்து அம்மாவின் மேல் வைத்துப் பார்த்தாள். தையல் வரிகள் சிவப்புத் தடத்தின் மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தன. சட்டையைச் சுருட்டித் தன் கல்லூரிப் பையின் அடியில் திணித்தாள்.

"அப்பா கேட்டா போட்டாச்சுன்னு சொல்லிடலாம் சித்தி."

இரண்டு பேரும் துடைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மடிப்பையும் தூக்கி, ஈரத்துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் துடைத்தார்கள். மடிப்புகளுக்குள் வேர்க்குரு கண்டு, பவுடர் அப்பி, சில இடங்களில் புண்ணாகியிருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் இன்று காலைவரை கிளட்ச், கியர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் அறுவைத் தழும்புகள் வெளுத்து நன்றாக ஆறியிருந்தன. இவ்வளவு அழகாக ஆறியிருக்கிறதே என்று தங்கைக்குத் தோன்றியதும், அதுவரை அடங்கியிருந்த அழுகை வந்தது. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் அழவில்லை. துணியை அலசிப் பிழிந்து மறுபடி கொண்டுவந்தாள்.

சாம்பல் சட்டையைப் போட்டபோது முன்பக்கம் கொஞ்சம் புடைத்துக்கொண்டது. கதவைத் திறந்து அத்தானை உள்ளே விட்டார்கள். அவர் கட்டிலின் அருகே நின்று சட்டையைப் பார்த்தார். கை தானாக நீண்டு ஒரு பொத்தானைச் சரிசெய்தது. அங்கேயே நின்றது. உள்ளே இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகள் வேறு பக்கம் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை முழுசாக விரித்து அக்காவின் வயிற்றின் மேல் வைத்தார். பட்டப்பகல். விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

வெளியே, தாழ்வாரத்தின் கோடியில், ஒரு பெண் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியை. காலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆம்புலன்சோடு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. தங்கையைப் பார்த்ததும் எழுந்து, தன் மேல் குற்றம் சாட்ட வந்தவரிடம் சொல்வதுபோல நடந்ததைச் சொன்னாள். மாஸ்டர் திடீரென்று பேச்சை நிறுத்தினாராம். பிறகு, ஓரமா நிறுத்தும்மா, கண்ணாடியைப் பாரு, இண்டிகேட்டர் போடு, அவசரப்படாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். அவள் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, நல்லா நிறுத்தின என்றாராம். அவ்வளவுதான்.

"நான் வேகமா ஓட்டியிருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமோன்னு..." என்றாள்.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா நிறுத்தச் சொன்னாள், நீங்கள் நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

கார் இன்னும் சாலையோரத்தில் நிற்பதாக ஆசிரியை சொன்னாள். சாவி அவளிடம்தான் இருந்தது. வண்டியை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், தங்கைக்கு ஓட்டத் தெரியாது. அக்கா எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவள் கற்றுக்கொள்ளவில்லை. இருவரும் நடந்தே போனார்கள். அதிக தூரம் இல்லை.

கார் நடைபாதைக் கல்லை ஒட்டி, ஒரு விரற்கடைகூடக் கோணாமல் நின்றிருந்தது. ஆசிரியை ஓட்டுபவர் பக்கம் ஏறினாள். தங்கை அக்காவின் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். கொக்கி இடுப்போரம் விழாமல், வயிற்றின் நடுவில் வந்து நின்றது. குனிந்து பார்த்தாள். பெல்ட்டோடு ஒரு கூடுதல் பட்டை சேர்த்திருந்தது, பெரிய உடம்புக்காரர்கள் வாங்கி மாட்டிக்கொள்வது. அக்காவுக்கு அது தேவைப்படாமல் போய் வெகுநாளாகிவிட்டது. துணி பளபளப்பாகத் தேய்ந்து, இன்று காலை வரை கை பட்டதுபோல் இருந்தது.

அதைக் கழற்றலாமா என்று யோசித்தாள். அப்படியே விட்டுவிட்டாள்.

ஆசிரியை சாவியைத் திருப்பினாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கியரைப் போட்டு, இண்டிகேட்டரைப் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. சாலை காலியாகத்தான் கிடந்தது. எடு என்று சொல்ல யாரும் இல்லாமல், இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.