டாக்டரும் டீச்சரும் சேர்ந்த அத்தியாயம்

உள்ளே ஒருவர் வேர் சிகிச்சைக்காக வாயைத் திறந்தபடி படுத்திருந்த நேரத்தில்தான் நான் டாக்டரையும் டீச்சரையும் சேர்த்து வைத்தேன். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், நேரம் குறிக்கும் நோட்டுக்குக் கீழே கைபேசியை மறைத்து வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரியைத் தட்டினேன். 'பேசத் தெரியாதவன் இல்லை நான். உன்னிடம் பேசினால் உடைந்துவிடுவேனோ என்று பயந்தவன்.' டாக்டர் இதைச் சொல்லி டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொள்கிறார். உள்ளே இயந்திரத்தின் சத்தம் நின்றது. நான் பதிவேற்றினேன். மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த மனிதர், அடுத்த தேதியைக் கோணல் வாயால் கேட்டு முடிப்பதற்குள் அறுபது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

டாக்டரும் டீச்சரும் நான்கு வருடம் ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஜோடி. ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சர் ரயிலேறிப் போக, டாக்டர் பிளாட்பாரத்தில் நிற்க, 'முற்றும்' என்று போட்டுவிட்டார்கள். யாரைக் கேட்டு முடித்தார்கள் என்று எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறாயிரம் பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு தொடங்கினோம். அதில் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து எழுதுபவர்களில் நானும் ஒருத்தி. அங்கே என் பெயர் நிலாத்தோழி. டாக்டராக நடித்தவர் தன் நிஜ மனைவியோடு எடுத்த படம் ஒன்றைப் போட்டால், எங்கள் ஆட்கள் அங்கேயும் போய், 'எங்க டீச்சர் இருக்க வேண்டிய இடத்துல இது யாரு?' என்று எழுதிவிட்டு வருவார்கள். நான் அப்படியெல்லாம் எழுதியதில்லை. அதைப் பார்த்து ஒரு முறை சிரிப்புக் குறி போட்டேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு என்னிடம் சரக்கு தீர்ந்துபோனது. எவ்வளவு நாள்தான் மழையில் நனைய வைப்பது? படிப்பவர்கள் குறைந்தார்கள். அந்த வாரம்தான் பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

பாப்பா என் கணவரின் தங்கை. முப்பது வயதாகிறது, கண்ணாடிக் கடையில் வேலை, இன்னமும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். கணவனை விட்டு வந்த காரணத்தை அண்ணனிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். பதினோரு மாதமாக அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடி கிடையாது, குடி கிடையாது. காலையில் போவான், மாலையில் வருவான், எதிரில் அவள் நிற்பதே தெரியாததுபோல் நடப்பான். ஒரு வாரம் முழுக்க அவள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்திருக்கிறாள், திட்டவாவது வாயைத் திறப்பான் என்று. ஏழு நாளும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனானாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி. அடிச்சான்னா வெளிய சொல்லிக்கலாம். பேசலன்னு எப்படிச் சொல்றது? இதெல்லாம் ஒரு காரணமான்னு சிரிப்பாங்க."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. வியாழக்கிழமை அத்தியாயத்தில், வாயே திறக்காத டாக்டருக்கு டீச்சர் உப்பில்லாமல் சமைத்தாள்.

பாப்பாவும் அந்தத் தொடரின் ரசிகை என்று எனக்குத் தெரியும். ஆனால் தொடர் முடிந்த பிறகும் விடாமல் தொங்கிக்கொண்டிருப்பது என்னைப்போல வேறு வேலையில்லாதவர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதோடு, அந்த அத்தியாயத்தை மக்கள் அழுது அழுது படித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'எப்படிம்மா இப்படி எழுதுறீங்க, நேர்ல பார்த்த மாதிரி இருக்கு' என்றார்கள். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வலியப் போய் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவன் வரும் சத்தம் கேட்டால் அவள் பாட்டை நிறுத்திவிடுவாள் என்பது, குளியலறைக் கண்ணாடியோடு பேசிப் பழகியது, எல்லாம் டீச்சருக்குப் போயின.

டீச்சர் தனியாக வீடு பார்த்துப் போவதாகத்தான் முடிக்க நினைத்திருந்தேன். ஆனால் அவர்களைச் சேர்த்து வைக்காவிட்டால் குழுவை விட்டே போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். நான் பயந்துபோனேன். நிஜமாகவே பயந்தேன்.

பத்தொன்பதாம் அத்தியாயம் வெளிவந்த நான்காம் நாள், வேலை முடிந்து மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது, என் கணவர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"மாப்பிள்ளை பேசிட்டாருடி! மெசேஜ் போட்டிருக்காரு. பாப்பா கிளம்புறா. நான் போய் வண்டி பிடிச்சிட்டு வரேன்."

அறையில் பாப்பா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைபேசியை நீட்டினாள். திரையில் இரண்டே வாக்கியங்கள். 'பேசத் தெரியாதவன் இல்லை நான். உன்னிடம் பேசினால் உடைந்துவிடுவேனோ என்று பயந்தவன்.' முற்றுப்புள்ளி உட்பட என்னுடையது.

காது மடல் இரண்டும் சுட்டன. "பாப்பா, இது வந்து..."

"தெரியும் அண்ணி. நீங்க எழுதுனதுதான். நான்தான் அவருக்கு அனுப்புனேன். மூணு நாள் கழிச்சு இதை அனுப்பியிருக்காரு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உப்பு விஷயம் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "அந்த அத்தியாயத்தைப் படிச்சதும் முதல்ல ஆத்திரமா வந்துச்சு. தலைவலின்னு ரெண்டு நாள் கதவைச் சாத்திட்டுக் கிடந்தேனே, அதான். அப்புறம் யோசிச்சேன். அண்ணிக்கு என்கிட்ட நேர்ல சொல்ல சங்கடமா இருக்கு, அதான் எழுதிச் சொல்றாங்கன்னு தோணுச்சு. நானும் நேர்ல கேக்காம கமென்ட்லயே கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"'சன்னலோரம்' நான்தான்."

சன்னலோரம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே ஒரே கேள்வியைக் கேட்கும் ஒருத்தி. 'அவர் மாறுவாரா ரைட்டர்? எனக்கு உண்மையைச் சொல்லுங்க.' பொறுமையில்லாத ஏதோ பள்ளிக்கூடத்துப் பெண் என்று நினைத்து, 'காத்திருங்கள் செல்லம்' என்று எழுதிக் கண்ணடிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. பக்கத்து அறையிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள்.

"சேர்த்து வச்சிட்டீங்கல்ல? எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சு, யோசிச்சுத்தானே எழுதியிருப்பீங்க? அவர் மாறுவார்னு உங்களுக்குத் தோணியிருக்கு. அப்படித்தானே அண்ணி?"

தலையாட்டியிருந்தால் போதும். அவளும் சந்தோஷமாகப் போயிருப்பாள், நானும் நல்ல அண்ணியாகவே இருந்திருப்பேன். என் கழுத்து ஆடக்கூடப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் தோணலடி," என்றேன். "உன்னை நெனச்சு நான் அதை எழுதல. சேர்த்து வைங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. வைக்கலன்னா படிக்க மாட்டாங்கன்னு பயம். அவரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அந்த வரி... பேஷன்ட் வெளிய வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அவசரத்துல எழுதுனது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, விலை விசாரிப்பவள்போல், "எத்தனை லைக் வந்துச்சு?" என்றாள்.

"பாப்பா..."

"சொல்லுங்க."

"ரெண்டாயிரத்து நூறு."

"பரவாயில்லையே. என் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் இதுல கால்வாசிகூட இல்ல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கோ இடித்துக்கொண்டு நின்றது. "ஆனா அவர் அனுப்புனது பொய்யில்லல்ல அண்ணி? வார்த்தை உங்களோடதா இருந்தாலும், எடுத்து அனுப்பணும்னு அவருக்குத் தோணியிருக்குல்ல?"

இதற்கு நான் எதை எழுதுவது? அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்த வாக்கியம் அச்சு அசலாக டீச்சர் பேசுவதுபோல் இருக்கவே, மூடிக்கொண்டேன்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "பாப்பா, ரெடியா? டிரைவர் அவசரப்படுறாரு," என்று என் கணவர் குரல் கொடுத்தார்.

"இதோண்ணா," என்றவள் பெட்டியை மூடி, அதன் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்தாள். பாதி தூரம் வந்ததும் ஒரு சட்டையின் நீலக் கை வெளியே பிதுங்கி ஜிப்பில் மாட்டிக்கொண்டது. விரலால் அதை உள்ளே தள்ளினாள். மறுபடியும் வெளியே வந்தது. நான் உதவப் போனேன். "வேணாம், விடுங்க," என்றாள். அந்த நீலக் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தள்ளாமலும் வெளியே இழுக்காமலும், பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே ஓட்டுநர் ஒரு முறை ஹாரன் அடித்தார்.