நாலாவது வரிசைக் கோழிகள்

நாலாவது வரிசைக் கூண்டுகளில் அன்று காலையில் மட்டும் பதினோரு கோழிகள் செத்துக் கிடந்தன. முந்தின நாள் மூன்று. அந்த வரிசையில் முட்டையும் பாதியாகக் குறைந்திருந்தது.

கொழுந்தன் மருந்துப் பொட்டலமும் கத்திரியுமாக வந்து நின்றான்.

"போதும் அண்ணி. பூண்டு, முருங்கை இலைன்னு மூணு வாரமா வைத்தியம் பாத்தாச்சு. இப்போ இதைத் தீவனத்துல கலக்கப் போறேன்."

மருந்தை நிறுத்திவிட்டு இலைப்பொடி கலக்கலாம் என்றது அவள்தான். கணவருக்கு வெளியூரில் வேலை; பண்ணை இவர்கள் இருவர் பொறுப்பு. மருந்து படாத முட்டைதான் வேண்டும் என்று, இவர்களிடம் முட்டை வாங்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி."

"எல்லாம் செத்த பிறகா?"

அவன் சொல்வதுதான் சரியோ? மற்ற மூன்று வரிசைகளையும் பார்த்தாள். அதே தீவனத்தைத் தின்றுவிட்டு ஒன்றையொன்று கொத்திக்கொண்டு ஒரே கூச்சல். இங்கே மட்டும் கொண்டை கறுத்து, அலகைத் திறந்தபடி சுருண்டு கிடந்தன.

"தீவனம் தப்புன்னா எல்லாத்துக்கும்தானே வரணும்?"

"அதைக் கோழிகிட்டயே கேளுங்க." அவன் கத்திரியை விரித்தான்.

அவள் கூண்டுக்குள் கைவிட்டு, தண்ணீர்க் குழாயில் தொங்கிய, கோழிகள் கொத்திக் குடிக்கும் முனையை அமுக்கினாள். சொட்டுக்கூட வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. ஓடிப்போய்க் குழாயின் கடைசி மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே பச்சைக் களியாக இலைச்சக்கை அடைத்துக் கிடந்தது.

கோழிகள் பொடியை ஒதுக்குகின்றன என்று போன வாரம் இலையைக் கொதிக்கவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றியதும் அவள்தான். அவசரத்தில் சரியாக வடிகட்டவில்லை. குழாய் முடிகிற இடம் நாலாவது வரிசை. சக்கையெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"தம்பி, இதுங்க நோயில சாகல. தாகத்துல சாகுது." குரல் உடைந்தது. "நான்தான் கொன்னுட்டேன்."

அவன் குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள்.

"அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம். வாளியை எடுங்க அண்ணி!"

தீவனத்தை வழித்தெறிந்துவிட்டு அந்தத் தகரத் தொட்டிகளிலேயே தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு கோழி அலகை நனைத்து, கழுத்தைத் தூக்கி விழுங்கியது. பக்கத்துக் கூண்டிலும் சலசலப்பு. வரிசை முழுக்க அலகுகள் தகரத்தில் மோதும் சத்தம் எழுந்ததும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இன்னும் இரண்டு செத்தன. எல்லாவற்றுக்கும் அவளே குழி தோண்டினாள். அவன் உதவிக்கு வந்தபோதும் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. முட்டை பழையபடி ஏற ஒரு மாதம் ஆயிற்று. இலைப்பொடியை இப்போது தீவனத்தில்தான் கலக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளும்படி லேசாக ஈரம் தெளித்து.