நெல்லோடு மூடிய மழைமானி

தார்ப்பாயை உருவியதும்தான் பார்த்தேன். நெல் குவியலோடு சேர்த்து மழைமானியையும் மூடியிருந்தேன். விடியற்காலம் தூறல் விழுந்ததும் ஓடி வந்து, முப்பது வருசப் பழக்கத்தில், களத்தில் இருந்ததையெல்லாம் போர்த்திவிட்டேன். நனையாமல் காப்பதுதான் என் கை அறிந்த வேலை. நனையட்டும் என்று வைத்த பொருள் அங்கே அது ஒன்றுதான்.

களத்துப் பள்ளமெல்லாம் தண்ணீர். மானியின் குடுவை மட்டும் காய்ந்து கிடந்தது.

எட்டரைக்குச் சிதம்பரத்திலிருந்து ஞானசேகரன் சார் போன் செய்தார். மார்கழி, தை மழையை ரேடார் வைத்து ஆராய்கிறவர். ரேடார் காட்டுவது சரிதானா என்று தரையில் விழுந்ததை அளந்துதான் பார்ப்பார்களாம். எங்கள் குமராட்சியில் அளக்க என்னை வைத்திருந்தார். நாற்பத்துமூன்று வயதில் எழுத்துக் கற்றவளுக்கு, குனியாமல் செய்யக் கிடைத்த முதல் வேலை.

"சவரிமேரிம்மா, ஒங்க ஊரு மேல ரேடார்ல செக்கச்செவேல்னு மழை நின்னுச்சு. எவ்ளோ பேஞ்சிருக்கு?"

"பாத்து அனுப்புறேன் சார்."

"சீக்கிரம்மா. போன மாசம் கிள்ளையில ஒருத்தர் பாக்காமலே எழுதிட்டாரு. அங்கேர்ந்து மானிய எடுத்துட்டோம்."

என் வீட்டுக்காரர் மரியலூர்து நெல்லைக் கிளறிக்கொண்டே சிரித்தார்.

"நெல்லும் நனையல, மானியும் நனையல. நல்ல காவக்காரிடி நீ. கீரப்பாளையத்துல முப்பத்தெட்டு மில்லிமீட்டராம், அங்க அளக்குறவன் குரூப்புல போட்ருக்கான். நீ நாப்பதுன்னு போடு. வானத்துல ஏறியா பாக்கப்போறாங்க?"

"அவுங்க வானத்தத்தான்யா பாக்குறாங்க."

அவர் சிரிப்பு நின்றது. நோட்டை விரித்தேன். இரண்டு மாதமாக அதில் எண்கள் மட்டுமே. நாற்பது என்று போட ஒரு நொடி ஆகாது. பேனா நின்ற இடத்தில் மை ஊறியது. பிறகு கட்டம் போதாமல் கோட்டைத் தாண்டி எழுதினேன்: 'நெல்லோடு சேத்து மூடிட்டேன். எவ்வளவு பேஞ்சதுன்னு தெரியாது.' படம் எடுத்துச் சாருக்கு அனுப்பினேன். இரண்டு குறியும் நீலமாயின. பார்த்துவிட்டார்.

கொள்ளிடத்துப் பக்கம் மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. "இழுடி" என்று மரியலூர்து தார்ப்பாயின் ஒரு முனையை என்னிடம் திணித்தார். காற்று பாயை மானியின் பக்கமே தள்ளியது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நின்றேன். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுக்கக் கை இல்லை. மானியின் வாயில் முதல் சொட்டு விழுந்தது.